நட்டம் யார் கணக்கில்?

கரிசல் பூமியில் கடன் புதிய சொல் அன்று. விதைக்குக் கடன், உழவு மாட்டுக்குக் கடன், கிணறு வெட்டக் கடன், மகள் கல்யாணத்துக்குக் கடன் என்று வாழ்ந்தவர்கள் எங்கள் முன்னோர். அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே திருச்சுழி, நரிக்குடி என்று போகும் சாலையின் இருபுறமும் சீமைக்கருவேலம் மண்டிக்கிடக்கும் நிலங்களில் ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அடமானக் கதை இருக்கும். ஆனால், கடன் வாங்கி நிதியியல் படித்து, அந்தப் படிப்பைக் கொண்டு கடன் கொடுக்கும் தொழிலில் வேலை தேடி, வேலையின்றிக் கடனோடு நின்ற முதல் தலைமுறை அநேகமாக எங்களுடையதாகத்தான் இருக்கும். இதை எழுதவேண்டும் என்று மூவரும் நெடுநாட்களாகப் பேசிக்கொண்டிருந்தோம். மூவரின் அனுபவமும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம். இதில் எது யாருக்கு நேர்ந்தது என்று பிரித்தறிவதால் வாசகருக்குப் பெரிய பயன் இல்லை.

எங்களில் ஒருவன் அருப்புக்கோட்டையில் தறிச் சத்தம் ஓயாத தெருவைச் சேர்ந்தவன். இன்னொருவன் திருச்சுழிக்காரன், குண்டாற்றில் தண்ணீர் வந்த நாட்களை விரல் விட்டு எண்ணிச் சொல்லக்கூடியவன். மூன்றாமவனின் ஊர் நரிக்குடிக்குப் போகும் வழியில் கண்மாய்க்கரை ஓரத்துக் கிராமம். மூவரும் ஒரே கல்லூரியில் வணிகவியல் படித்தோம். 2022 செப்டம்பரில் நிதியியல் முதுகலைக்காக மான்செஸ்டர் போய்ச் சேர்ந்தோம். ஓராண்டுப் படிப்பு. அதற்குப் பின் இரண்டாண்டுகள் அங்கேயே தங்கி வேலை பார்க்க அனுமதி. இங்கிலாந்து 2012இல் மூடிய அந்தக் கதவை 2021 ஜூலையில் மறுபடி திறந்திருந்தது. விளம்பரங்களில் இந்த இரண்டாண்டு பெரிய எழுத்தில் இருக்கும். இரண்டு ஆண்டுகள் என்பது வேலை தேடுகிறவனுக்கு எவ்வளவு நீளம், வேலை கொடுக்கிறவனுக்கு எவ்வளவு குறுகலானது என்பதைப் பிறகுதான் விளங்கிக்கொண்டோம்.

*

முதலில் கடன் கதை. இந்திய வங்கிகளின் கல்விக்கடன் திட்டத்தில் நான்கு லட்சம் வரை ஈடு கேட்பதில்லை. ஏழரை லட்சம் வரை மூன்றாம் மனிதரின் ஜாமீன் போதும் என்பது நெடுங்கால வழக்கம். அதற்கு மேல் போனால் சொத்துப் பத்திரம் வேண்டும். எங்கள் ஒவ்வொருவருக்கும் கல்விக் கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்து முப்பது லட்சத்தை நெருங்கியது.

திருச்சுழிக்காரனின் அப்பா தன் ஒன்பது ஏக்கர் புஞ்சைப் பத்திரத்தைத் துணிப்பையில் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனார். அதிகாரி மரியாதையாகவே பேசினார். "அய்யா, விவசாய நிலத்தை இதுக்கு எடுத்துக்கிட மாட்டோம். வீடோ வீட்டுமனையோ இருந்தா கொண்டாங்க" என்றார். காரணத்தை நாங்கள் பின்னர் வகுப்பில் படித்தோம். வாராக்கடனுக்கு ஈடான சொத்தை நீதிமன்றம் போகாமலே வங்கி கைப்பற்ற வழிசெய்யும் 2002ஆம் ஆண்டுச் சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. விவசாயியைக் காக்க வைத்த விதிவிலக்குத்தான். ஆனால் வங்கியால் எளிதில் பறிக்க முடியாத நிலத்துக்கு வங்கியின் மேசையில் மதிப்பும் இல்லை. நான்கு தலைமுறை உழுத ஒன்பது ஏக்கரைவிட அருப்புக்கோட்டையில் தாய்மாமன் வாங்கிப்போட்டிருந்த ஐந்து சென்ட் மனை பெரிய சொத்தானது. மாமா ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் வந்து கையெழுத்துப் போட்டார். நெசவாளி வீட்டில், முன்கட்டில் தறியும் பின்கட்டில் குடும்பமுமாக இருக்கும் வீட்டின் பத்திரமே போயிற்று. மூன்றாமவனுக்கு மணமாகிப்போன அக்காளின் வீட்டுப் பத்திரம்.

விசாவுக்கு இன்னொரு கணக்கும் காட்டவேண்டும். லண்டனுக்கு வெளியே படிப்பவர் மாதம் 1,023 பவுண்டு வீதம் ஒன்பது மாதச் செலவுக்கான பணத்தைத் தொடர்ந்து 28 நாட்கள் வங்கியில் வைத்திருக்கவேண்டும் என்பது அப்போதைய விதி. கடன் ஒப்புதல் கடிதம் இருந்தால் அதையும் ஏற்பார்கள். அது தாமதமானவர்களுக்காக அந்த 28 நாட்களுக்கு மட்டும் பணம் கொடுத்து வட்டி வாங்கும் ஆட்கள் மதுரையில் இருக்கிறார்கள் என்று எங்களிடம் சொன்னார்கள். எங்கள் முதல் நிதியியல் பாடம் அதுவே எனலாம். பணம் செலவாவதற்காக அல்லாமல் கண்ணுக்குத் தெரிவதற்காகவும் வாடகைக்குப் போகும்.

திருச்சுழியையும் கல்விக் கட்டணத்தையும் சேர்த்து நினைத்தால் ஒரு பழைய சம்பவம் ஞாபகம் வராமல் இராது. 1879இல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், 1896இல் மதுரையில் படித்துக்கொண்டிருந்தபோது, அண்ணனின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுவதற்காகக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். மீதி இரண்டு ரூபாயைச் சீட்டோடு வைத்து, கட்டணம் இன்னும் கட்டப்படவில்லை என்பதையும் அதில் குறித்துவிட்டுப் போனார். பின்னாளில் உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்தது. துறவு பூணப் போகிறவர்கூட நிலுவையை எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறாரே என்று திருச்சுழிக்காரனை நாங்கள் கேலி செய்வது உண்டு. எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு நிலுவை என்பது அவ்வளவு கனமான விஷயம்.

*

நிதித்துறையில் வேலை தேடுவதன் முதல் விதி காலண்டர். இங்கிலாந்தின் பெரிய வங்கிகளும் தணிக்கை நிறுவனங்களும் அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில் சேர்க்கவேண்டிய பட்டதாரிகளுக்கான விண்ணப்பங்களை முந்தைய ஆண்டின் செப்டம்பர், அக்டோபரிலேயே வாங்கத் தொடங்கிவிடுகின்றன. ஓராண்டு முதுகலைக்குப் போகிறவன் செப்டம்பரில் இறங்குகிறான். பேருந்து எண் தெரியாது. வங்கிக்கணக்கு திறக்கவில்லை. முதல் பாடம் நடக்கவில்லை. அந்த மாதத்திலேயே 'எங்கள் நிறுவனத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்' என்ற கேள்விக்கு முந்நூறு சொற்களில் விடை எழுதவேண்டும். முதலீட்டு வங்கிகள் இன்னும் முன்னதாகவே ஆள் பார்க்கின்றன. இளங்கலை முதலாண்டு மாணவர்களை வசந்தகாலத்தில் ஒரு வாரம் அழைத்து, அடுத்த ஆண்டு கோடையில் பயிற்சிக்கு எடுத்து, அவர்களிலிருந்தே பெரும்பாலான இடங்களை நிரப்புகின்றன. நாங்கள் அருப்புக்கோட்டையில் பேரேடு எழுதப் படித்துக்கொண்டிருந்த நாட்களிலேயே எங்களோடு போட்டியிட வேண்டியவர்கள் அந்தக் கட்டடங்களுக்குள் போய்வந்துவிட்டார்கள். மானாவாரிக்காரனுக்கு இது புரியாத விஷயம் இல்லை. புரட்டாசியில் விதைக்கவேண்டியதை மார்கழியில் விதைத்தால் மண்ணைக் குறை சொல்லி என்ன பயன்?

இரண்டாவது விதி ஒரு கேள்வி. எல்லா விண்ணப்பங்களிலும் பெயர், படிப்பு, முகவரிக்குப் பிறகு அது வரும். 'இப்போதோ எதிர்காலத்திலோ உங்களுக்கு விசா ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா?' ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். 'இப்போது' என்று மட்டும் கேட்டிருந்தால் இல்லை என்று உண்மையாகவே சொல்லலாம். இரண்டாண்டு அனுமதி கையில் இருக்கும். 'எதிர்காலத்திலோ' என்ற சொல் அதை ஆம் ஆக்கிவிடுகிறது. ஆம் என்று அழுத்திய சில விண்ணப்பங்களுக்குத் தேநீர் ஆறுவதற்குள் நிராகரிப்பு வந்தது. மனிதக் கண் அதைப் பார்த்திருக்க நேரமே இல்லை.

நாங்கள் ஒரு எக்செல் தாளில் எல்லாவற்றையும் பதிந்துவந்தோம். நிறுவனம், தேதி, வேலை, நிலை என்று நான்கு பத்திகள். மூவரும் சேர்ந்து அனுப்பியவை ஆயிரத்தைத் தாண்டின. கணக்குத் தேர்வுகளில் பெரும்பாலும் தேறினோம். மனக்கணக்கு எங்களுக்குக் கடை வாசலில் வந்த வித்தை. அடுத்து வீடியோ நேர்காணல். எதிரே ஆள் இருக்காது. திரையில் கேள்வி தோன்றும், முப்பது விநாடி யோசிக்கலாம், தொண்ணூறு விநாடி பேசவேண்டும், நம் முகத்தை நாமே பார்த்துக்கொண்டு. மூவர் தங்கியிருந்த அறையில் ஒருவன் பேசும்போது மற்ற இருவரும் படிக்கட்டில் போய் உட்கார்ந்திருப்போம். வாரம் இருபது மணி நேரம் வேலை பார்க்க மாணவனுக்கு அனுமதி உண்டு. அதைக் கிடங்கிலும் முதியோர் இல்லத்திலும் செலவிட்டோம். இரவுப்பணி முடித்துவந்து காலை ஏழு மணிக்குக் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு திரைமுன் அமர்ந்த நாட்கள் பல.

ஒருமுறை எங்களில் ஒருவன் கடைசிச் சுற்று வரை போனான். ஒரு நடுத்தரத் தணிக்கை நிறுவனம், பெயர் வேண்டாம். ஆறு பேரை ஒரு மேசையைச் சுற்றி அமர்த்தி, ஆற்றங்கரையில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஒரு சிறு நிறுவனத்துக்குக் கடன் கொடுக்கலாமா என்று விவாதிக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் லாப விகிதங்களைப் பேசிக்கொண்டிருந்தபோது இவன் வெள்ளம் வந்தால் நட்டம் யாருக்கு என்று கேட்டிருக்கிறான். காப்பீடு இருக்கிறதா, முதலாளி தன் வீட்டை ஈடு வைத்திருக்கிறாரா, வெள்ளம் வந்த ஆண்டுகளின் கணக்கு எங்கே என்று கேட்டிருக்கிறான். கண்காணித்தவர் அந்தக் கேள்வியைத் தனியே பாராட்டினார். பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்த பெண்மணி வருத்தம் தெரிவித்தார். பட்டயக் கணக்காளர் பயிற்சி ஒப்பந்தம் மூன்றாண்டு. எங்கள் அனுமதியோ இரண்டாண்டு. மூன்றாம் ஆண்டுக்கு நிறுவனம் ஸ்பான்சர் செய்யவேண்டும். அதற்கான கட்டணமும் பொறுப்பும் இந்த ஆண்டு வரவுசெலவில் இல்லை என்றார். நேர்மையாகச் சொன்னார் என்றே தோன்றியது. மூன்றிலிருந்து இரண்டைக் கழித்தால் மிஞ்சும் அந்த ஓராண்டை ஏற்க ஆளில்லை.

*

2023 டிசம்பரில் எங்கள் இரண்டாண்டு அனுமதிக்கு விண்ணப்பித்தோம். ஆளுக்கு 822 பவுண்டு கட்டணம், ஆண்டுக்கு 624 வீதம் இரண்டாண்டு மருத்துவக் கட்டணம். 2024 பிப்ரவரியில் அந்த 624, 1,035 ஆக உயர்ந்தது. அந்தத் தேதிக்கு முன் விண்ணப்பித்துவிட எல்லாரும் முட்டிமோதினார்கள். அதே டிசம்பரில்தான் இன்னொரு அறிவிப்பும் வந்தது. வெளிநாட்டவரை ஸ்பான்சர் செய்வதற்கான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 26,200 பவுண்டிலிருந்து 38,700 ஆக, 2024 ஏப்ரல் 4 முதல் உயரும் என்றார்கள். புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களுக்குச் சலுகையாக 30,960. மான்செஸ்டரில் கணக்குப் பிரிவில் தொடக்க நிலை வேலைகளுக்கு எங்கள் கண்ணில் பட்ட விளம்பரங்கள் இருபத்து நான்காயிரம், இருபத்தைந்தாயிரம் என்றுதான் சொல்லின. சலுகை வரம்பே எங்கள் தலைக்கு மேலே போய்விட்டது. 2025 ஜூலையில் அது மேலும் உயர்ந்து 41,700 ஆகவும், புதியவர்களுக்கு 33,400 ஆகவும் ஆனது.

2024இல், வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கு ஏற்கெனவே கொடுத்திருந்த வேலைகளைச் சில பெரிய நிறுவனங்கள் திரும்பப் பெற்ற செய்திகள் ஆங்கில நாளிதழ்களில் வந்தன. இது புதிதும் அன்று. 2008 வீழ்ச்சிக்குப் பின் அமெரிக்க அரசு வங்கிகளுக்கு மக்கள் பணத்தைக் கொடுத்தது. அப்படிப் பணம் பெற்ற வங்கிகள் எச்-1பி விசாவில் ஆள் எடுப்பதற்கு 2009 பிப்ரவரியில் கடும் நிபந்தனைகளைச் சட்டமாக்கியது. அடுத்த மாதமே பேங்க் ஆப் அமெரிக்கா, அந்தக் கோடையில் மேலாண்மைப் பட்டம் பெறவிருந்த வெளிநாட்டு மாணவர்களுக்குக் கொடுத்திருந்த வேலைகளைத் திரும்பப் பெற்றது. அந்தச் சட்டப்பிரிவு இரண்டாண்டில் காலாவதியானது. அந்த மாணவர்களின் கடன் பத்திரங்கள் இரண்டாண்டில் காலாவதியாகியிருக்கமாட்டா.

ஒரு நாடு தன் குடிமக்களுக்கு முதலில் வேலை என்று சொல்வதில் எங்களுக்கு மனத்தாங்கல் இல்லை. எங்கள் ஊர் மில் வாசலிலும் அதே பேச்சைக் கேட்டிருக்கிறோம். எங்கள் கேள்வி வேறு. விதி நடுவழியில் மாறும்போது அதன் செலவை யார் ஏற்பது? பல்கலைக்கழகம் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிவிட்டது. முகவர் தன் தரகை வாங்கிவிட்டார். வங்கியிடம் வீட்டுப் பத்திரம் இருக்கிறது. அரசிடம் விசாக் கட்டணம் சேர்ந்துவிட்டது. வேலை கொடுப்பவர் இன்னும் ஒன்றையும் தரவில்லை. இந்த வரிசையில் நட்டத்துக்குத் திறந்திருக்கும் ஒரே கணக்கு அருப்புக்கோட்டையில் தறி ஓடும் அந்த வீடுதான்.

*

மான்செஸ்டர் அறையில் எங்களிடம் இருந்த ஐந்தாறு தமிழ்ப் புத்தகங்களில் ப. சிங்காரத்தின் இரண்டு நாவல்களும் உண்டு. சிங்கம்புணரியில் பிறந்த சிங்காரம் 1938இல், பதினெட்டு வயதில், வேலைக்காக இந்தோனேசியாவின் மெடான் நகருக்குக் கப்பலேறியவர். அவர் நாவல்களில் வரும் வட்டிக்கடைப் பையன்களை இலக்கிய வாசகர்கள் வேறு எதற்காகவோ நினைவில் வைத்திருப்பார்கள். நாங்கள் அவர்களை நிதித்துறையில் வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களாகப் படித்தோம். அப்படிப் பார்த்தால், தென்தமிழகத்தின் வறண்ட நாட்டுக்கு இந்தத் தொழில் நூற்றாண்டுப் பழக்கம்.

நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் நடத்திய கடைகளில் பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று படிநிலைகள் இருந்தன. பையனாகப் போனவன் வேலையிலேயே கணக்குக் கற்று மேலாளாக உயரலாம். ஒரு தவணை பொதுவாக மூன்றாண்டு. சம்பளம் ஊரிலேயே பேசி முடிவாகும். அதில் ஒரு பகுதி புறப்படும்போதே முன்பணமாக வீட்டுக்குக் கிடைக்கும். மூன்றாண்டு முடிந்து திரும்பி வந்து, ஊரில் இருந்துவிட்டு மறுபடி போகலாம். அந்தப் பையனின் வாழ்க்கை எளிதாக இருந்தது என்று சொல்லவரவில்லை. ஆனால் அவன் கற்றுக்கொள்ளும் காலத்துக்கான செலவு முதலாளியின் பேரேட்டில் எழுதப்பட்டது. பையன் தேறவில்லை என்றால் நட்டம் கடைக்கு. நாங்களும் மூன்றாண்டுதான் போனோம், ஓராண்டு படிப்பும் ஈராண்டு அனுமதியுமாக. எங்கள் முன்பணம் எதிர்த்திசையில் போயிற்று.

முதலாளி ஏற்ற நட்டம் அவரிடமே நின்றுவிடவும் இல்லை. 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை வீழ்ந்தபோது பர்மிய விவசாயிகளால் கடனைத் திருப்ப முடியவில்லை. 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ ஆறு சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938இல் அது கால்பங்காயிற்று. அந்த நிலங்களை உழுதவர்கள் எங்கள் அப்பாக்களைப் போன்றவர்களே. 1942இல் ஜப்பானியர் வந்தபோது கடைகளைப் போட்டுவிட்டுக் கணக்கர்களும் கூலிகளும் கால்நடையாக நாடு திரும்பினார்கள்; விடுதலைக்குப் பின் பர்மிய அரசு நிலங்களை எடுத்துக்கொண்டது. நட்டம் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

எங்கள் ஊர்ப்பக்கம் இன்னொரு முறையும் இருந்தது. அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, விருதுநகர் என்று இப்பகுதியின் நாடார் வணிகர்கள் தங்கள் சரக்கின் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகையை 'மகமை' என்று எடுத்துவைத்தார்கள். உறவின்முறை அதைப் பொதுவில் வைத்துக் கிணறு, பேட்டை, கோயில், பள்ளிக்கூடம் என்று செலவிட்டது. விருதுநகரில் காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலைக்கு வீடுதோறும் பிடியரிசி எடுத்துக் கொடுத்ததை இன்றும் சொல்வார்கள். சமைக்க அளந்த அரிசியில் ஒரு பிடி, யாருடைய பிள்ளைக்கோ. அந்தப் பிள்ளை படித்து உருப்படாமல் போனாலும் எந்த வீட்டுக்கும் ஒரு பிடி அரிசிக்கு மேல் நட்டம் இல்லை. தெரு முழுவதும் பகிர்ந்த நட்டத்தில் யாரும் மூழ்குவதில்லை. அந்த முறைக்கு எல்லையும் இருந்தது. சாதிக்குள் பிறந்தவர்க்குத்தான் அந்த நிதி. மகமை எடுக்கச் சரக்கே இல்லாதவர்களுக்கு அப்படி ஒன்று வாய்க்கவில்லை. பின்னர் அதே காமராசர் முதல்வராகி, 1956இல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியபோது, அந்தப் பிடியரிசி எல்லாப் பிள்ளைகளுக்குமாக அரசின் கணக்குக்கு வந்தது என்று நாங்கள் புரிந்துகொள்கிறோம்.

முதலாளி ஏற்றது, தெரு ஏற்றது, அரசு ஏற்றது என்று மூன்று காலங்கள். கல்விக்கடனில் வீடு தனியாக ஏற்கிறது. நிதியியலில் முதல் வாரமே சொல்லித்தருவது, முதலீட்டைப் பல இடத்தில் பரப்பிவை என்பது. 1952இல் ஹாரி மார்க்கோவிட்ஸ் அதற்குக் கணிதம் வகுத்தார். 1990இல் நோபல் பரிசும் பெற்றார். வகுப்பில் அதைக் கேட்டபோது எங்களுக்குப் பருத்திக்கு ஊடே உளுந்தும் தட்டாம்பயறும் பாவி, ஓரத்தில் ஆமணக்கு ஊன்றும் புஞ்சைதான் கண்முன் வந்தது. ஒன்று போனால் ஒன்று நிற்கும். விதையில் ஒரு பங்கை எப்போதும் வீட்டில் வைத்திருப்பார்கள். கல்விக்கடனில் அப்படிப் பிரித்து விதைக்க வழியில்லை. பாதிப் பட்டம் என்று ஒன்று கிடையாது. கட்டணம் முழுதாக, பத்திரம் முழுதாக, ஒரே மழையை நம்பி.

மான்செஸ்டர் நகர நடுவில் ராயல் எக்ஸ்சேஞ்ச் என்ற பெரிய மண்டபம் இருக்கிறது. ஒருகாலத்தில் பருத்தி வணிகத்தின் தலைமையிடம். 1968 முடிவில் வணிகம் நின்றது. 1976 முதல் அது நாடக அரங்கம். கடைசி நாளின் விலைகள் உயரே பலகையில் அப்படியே நிற்கின்றன. எங்கள் கரிசலில் விளைந்த பருத்தி 'டின்னவெல்லி' என்ற பெயரில் தூத்துக்குடி வழியாகக் கப்பலேறிய காலம் ஒன்று உண்டு. அந்தப் பலகையின் கீழே நின்றபோது, விலை இங்கே முடிவாகி மழை அங்கே பொய்த்த ஆண்டுகளில் எங்கள் முப்பாட்டன்மார் எப்படி வட்டி கட்டினார்கள் என்று பேசிக்கொண்டோம்.

*

இனி முடிவைச் சொல்லவேண்டும். ஒருவன் 2024 இறுதியிலேயே திரும்பினான். சென்னையில் ஒரு வெளிநாட்டு வங்கியின் அலுவலகத்தில் அவனுக்கு மூன்று வாரத்தில் வேலை கிடைத்தது. பிரிட்டிஷ் வாடிக்கையாளர்களின் கடன் கோப்புகளைச் சரிபார்க்கும் வேலை. இங்கிலாந்தில் அவனால் எட்டமுடியாத மேசை, பழைய மகாபலிபுரம் சாலையில் விசா கேட்காமல் அவனுக்காகக் காத்திருந்தது. சம்பளம் மட்டும் ரூபாயில். இரண்டாமவன் மான்செஸ்டரில் ஒரு சிறு நிறுவனத்தில் நிலுவை வசூலிக்கும் பிரிவில் இருந்தான். அவனை விட அவர்களுக்கு மனமில்லை. ஆனால் சம்பள வரம்பை எட்ட அவர்களால் இயலவில்லை. 2025 டிசம்பரில் அனுமதி முடிந்து ஊர் வந்தான். மூன்றாமவனுக்கு 2025 வசந்தத்தில், ஜூலை மாற்றத்துக்கு முன்னால், லீட்ஸ் நகரில் ஒரு காப்பீட்டுத் தரகு நிறுவனம் ஸ்பான்சர்ஷிப் கொடுத்தது. புதியவருக்கான சலுகை, இரண்டாண்டு அனுமதிக் காலத்தையும் சேர்த்து, நான்கு ஆண்டுகளுக்கு மேல் போகாது. அதன் பிறகு அவன் முழு வரம்பை எட்டவேண்டும். அவனும் கரையேறிவிட்டான் என்று சொல்வதற்கில்லை.

முப்பது லட்சம் கடனைப் பத்தரை சதவீத வட்டியில் பதினைந்து ஆண்டுகளில் கட்டினால் மாதத் தவணை 33,000 ரூபாய்க்குச் சற்று மேலே வரும். படிப்புக் காலத்திலும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை இல்லை என்றாலும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். சென்னைச் சம்பளத்தில் வாடகை போக இதைக் கட்டுவது கடினம். வேலை இல்லாதவனால் இயலவே இயலாது. 2026 தொடக்கத்தில் மூவரும் ஓர் இரவு தொலைபேசியில் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். மூன்று கடன்களையும் ஒரே கடனாகப் பார்ப்பது. அவரவர் சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு ஒரு பொதுக் கணக்குக்கு வரும். அங்கிருந்து மூன்று தவணைகளும் போகும். எங்களுக்குள் அதன் பெயர் மகமை.

வீடுகளில் இது எளிதாக ஒப்புக்கொள்ளப்படவில்லை. லீட்ஸில் இருப்பவனின் அப்பா கேட்டார்: "அவன் வீட்டுப் பத்திரத்துக்கு நீ ஏன்டா பணம் கட்டணும்? நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா அவன் கட்டுவானா?" நியாயமான கேள்வி. எழுத்தில் எதுவும் இல்லை. எந்த நீதிமன்றமும் எங்கள் மகமையை மதிக்காது. அவன் சொன்ன பதில் இதுதான்: "மூணு பேரும் ஒரே மாதிரிதான் விதைச்சோம்ப்பா. மழை ஒரு காட்டுல பெஞ்சிருக்கு. என் காட்டுலதான் பெய்யணும்னு நான் ஒண்ணும் செஞ்சிரல." அவர் ஒப்புக்கொண்டார் என்று சொல்லமுடியாது. பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. எங்கள் பக்கத்தில் அது ஒருவகைச் சம்மதம்.

இப்போதும் ஊரிலிருந்து பிள்ளைகள் எங்களைக் கேட்கிறார்கள். போகாதே என்று நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை. நான்கைக் கேட்டுவிட்டுப் போகச் சொல்கிறோம். அந்தத் தொழிலில் எந்த மாதம் ஆள் எடுக்கிறார்கள்? பயிற்சிக் காலம் எவ்வளவு, உன் அனுமதிக் காலம் எவ்வளவு? தொடக்கச் சம்பளம் ஸ்பான்சர் வரம்பை எட்டுகிறதா? வேலை கிடைக்காவிட்டால் எந்த வீட்டின் பத்திரம் போகும்? இரண்டாண்டு அனுமதிகூட இனி அப்படியே இராது. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்போருக்கு, முனைவர் பட்டம் பெற்றவர் நீங்கலாக, அது பதினெட்டு மாதம் என்று அறிவித்திருக்கிறார்கள். நான்காம் கேள்விக்கு விடை சொல்லும்போது அம்மாவும் உடனிருக்கட்டும் என்றும் சொல்கிறோம்.

மூன்று பத்திரங்களும் இன்னும் வங்கியில்தான் இருக்கின்றன. கையில் மிச்சம் சேர்ந்தால் முதலில் எதை மீட்பது என்று மட்டும் பேசி முடித்துவிட்டோம். மனையில் இப்போதைக்கு யாரும் குடியில்லை. அக்காள் வீட்டில் அத்தான் பொறுத்துக்கொள்கிறார். நெசவாளி வீட்டில் அப்பாவும் அம்மாவும் இன்றும் தறியில் உட்காருகிறார்கள். அந்த வீட்டுப் பத்திரம் முதலில் வரவேண்டும்.